பனியன் ஊரின் கதை – 7: இருநூறாவது ஆள் ஏன் இங்கே வந்தார்?

சென்ற வாரம் மின்சாரத்தில் நிறுத்தியிருந்தோம். 1925-ல் குலாம் காதர் கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களை வரவழைத்து 'பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்' தொடங்கினார். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது. கையால் சுற்றிய இயந்திரங்களுக்கு மோட்டார் கிடைக்க வழி பிறந்தது. பருத்திச் சந்தையும் கதரும் ரயிலும் இருந்த திருப்பூரில் பனியன் காலூன்றிய கதை அதுவரை வந்தது.

இந்த வாரம், முதல் கம்பெனியை விட்டுவிட்டு இருநூறாவது கம்பெனியைப் பார்ப்போம்.

முதல் கம்பெனி ஓர் ஊரில் தோன்றுவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. ஒருவர் அந்த ஊரில் பிறந்திருப்பார், அல்லது அங்கே அவருக்குக் கடை இருந்திருக்கும். கையில் காசும் மனதில் துணிவும் இருந்தால் போதும். இருநூறாவது ஆளின் நிலை வேறு. அவர் கணக்குப் போட்டுத்தான் வருவார். எந்த ஊருக்கும் போக முடிந்தவர் இங்கே வருகிறார் என்றால், அந்தக் கணக்கில்தான் இந்த ஊரின் ரகசியம் இருக்கிறது.

1942-ல் திருப்பூரில் 34 பனியன் கம்பெனிகள் இருந்தன. 1961-ல் 230. இருபதே ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு மடங்கு.

தண்ணீரைப் பார்த்து வந்தார்களா? நொய்யல் மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் ஆறு. நிலத்தடி நீரோ உப்பு. வெளுப்பதற்கும் சாயம் போடுவதற்கும் நல்ல தண்ணீர்தான் முதல் தேவை என்றால், பவானிக் கரையிலோ காவிரிக் கரையிலோ அல்லவா இந்தத் தொழில் வளர்ந்திருக்க வேண்டும்? துறைமுகத்தைப் பார்த்து வந்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. கொச்சியும் தூத்துக்குடியும் பக்கத்தில் இல்லை. நூல் மில்கள் கோவையைச் சுற்றி இருந்தன. நூலுக்காக என்றால் கோவையிலேயே தங்கியிருக்கலாம்.

ஆனாலும் வந்தார்கள்.

ஒரே கூரையின் கீழ்

அந்த ஆரம்பகாலக் கம்பெனிகள் எல்லா வேலையையும் தாமே செய்தன. நூல் உள்ளே போனால் பெட்டியில் அடுக்கிய பனியன் வெளியே வரும். பின்னுவது, வெளுப்பது, வெட்டுவது, தைப்பது, இஸ்திரி போடுவது என அனைத்தும் ஒரே முதலாளி, ஒரே கூரை.

இப்படிக் கம்பெனி தொடங்க வேண்டுமானால் கையில் பெரிய முதல் வேண்டும். அதனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களாகவே இருந்தார்கள். பருத்தி வியாபாரமோ வேறு வியாபாரமோ செய்து பணம் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்படியே போயிருந்தால் திருப்பூர் இன்னொரு மில் ஊராகியிருக்கும். பத்து இருபது பெரிய ஆலைகள், அவற்றின் வாசலில் சங்கு ஊதும் நேரத்துக்குக் காத்திருக்கும் கூட்டம். பல ஊர்களின் கதை அங்கேயே முடிந்திருக்கிறது.

இங்கே அப்படி முடியவில்லை. கூரை பிரிந்தது.

கூரை பிரிந்த காலம்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் திருப்பூர் கம்பெனிகள் தங்களைத் தாங்களே துண்டு போட்டுக்கொள்ளத் தொடங்கின. இதற்கு ஒற்றைக் காரணம் இல்லை.

தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றிருந்தன, ஒரே இடத்தில் கூடும் தொழிலாளர்கள் கூலியும் போனஸும் பஞ்சப்படியும் கேட்டார்கள். ஆள் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் தொழிற்சாலைச் சட்டம் பாயும். பின்னலாடை சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட துறையாகவும் ஆனது. பெரிதாக வளர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே முதலாளி தன் கம்பெனியை மூன்றாக்கினார். ஒன்று தம்பி பெயரில், ஒன்று மனைவி பெயரில். சில முதலாளிகள் நம்பிக்கையான மாஸ்டரிடம் நான்கு தையல் மெஷினைக் கொடுத்து, "நீயே தனியாப் போட்டுக்க, வேலை நான் தர்றேன்" என்றார்கள்.

இதில் தொழிலாளி இழந்ததை மறைக்கக் கூடாது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் வைப்புநிதியும் இல்லை, ஈட்டுறுதியும் இல்லை. சங்கம் வைக்கவும் ஆள் போதாது. சனிக்கிழமைச் சம்பளம் மட்டுமே மிச்சம். சட்டத்திலிருந்து தப்பிப்பதற்காகப் பிரிந்த கூரை பலரைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளியது. இன்றுவரை அது முழுதாகச் சரியாகவில்லை.

ஆனால் யாரும் திட்டமிடாத ஒன்றும் அப்போது நடந்தது. ஒரு பனியனைச் செய்யும் வேலை பத்துப் பன்னிரண்டு தனித்தனித் தொழில்களாக உடைந்தது. பின்னுவது மட்டும் ஒருவர் தொழில். வெளுப்பது சலவைப்பட்டறை. காஜா எடுத்துப் பட்டன் கட்டுவது தனி. பவர் டேபிள் என்று தையல் மெஷின் வரிசை வைத்துத் தைத்துக் கொடுப்பவர் தனி. ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க். ஒவ்வொன்றும் ஊரில் எல்லோருக்கும் பொது.

இந்த ஊரை ஆராய வந்த பமீலா காதோர்ன் இதை அமீபா முதலாளித்துவம் என்றார். பிளந்து பிளந்து பெருகும் அமைப்பு. சரத் சாரி பின்னர் எழுதிய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: அப்படிப் பிளந்து வந்த முதலாளிகளில் பலர் முன்பு கூலிக்கு வேலை பார்த்தவர்கள், அதற்கும் முன்பு கொங்கு மண்ணில் கிணற்றுப் பாசனம் செய்த குடியானவர்கள். தங்கள் முதலே உழைப்புதான் என்று அவர்கள் சொன்னதை அவர் தன் நூலின் மையத்தில் வைத்தார்.

ஒரு கணக்கு

இப்போது அந்த இருநூறாவது ஆளை, அல்லது எழுபதுகளில் வந்த ஆயிரத்தில் ஒருவரை, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காங்கேயம் பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது. இரண்டு ஏக்கரை விற்ற பணம் கையில் இருக்கிறது. சில வருடம் திருப்பூரில் டெய்லராக இருந்த அனுபவமும் உண்டு. சொந்தமாகக் கம்பெனி வைக்க ஆசை. சொந்த ஊரில் இடம் இலவசம், அப்பா கட்டிய களத்துக் கொட்டகையே போதும். திருப்பூரில் போட்டால் வாடகை. எங்கே போடுவார்?

ஊரிலேயே போட்டால், பின்னல் மெஷினை அவரே வாங்க வேண்டும். அந்த மெஷினில் வட்டமாக நூற்றுக்கணக்கில் ஊசிகள். ஒன்று வளைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். அந்த ரோல் முழுக்கக் கழிவு. மாற்று ஊசிக்குத் திருப்பூர் போக வேண்டும். மெக்கானிக்கைக் கூட்டி வர வேண்டும். வந்தால் அன்று முழுக்க அவருக்குச் சம்பளம், சாப்பாடு. அதுவரை மெஷின் நிற்கும், ஆட்களும் நிற்பார்கள்.

திருப்பூரில் ராயபுரம் பக்கமோ கொங்கு நகர் பக்கமோ ஒரு சின்ன ஷெட் பிடித்தால், பின்னல் மெஷினே வேண்டாம். நூலைக் கொண்டுபோய் நிட்டிங் போடுபவரிடம் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு துணியாக்கித் தருவார். சலவைப்பட்டறைக்காரர் வெளுத்துத் தருவார். கட்டிங் மாஸ்டர் ஒருவரைப் பிடித்து, மேஜை ஒன்று போட்டு வெட்டினால், தைக்கப் பவர் டேபிள்காரர் இருக்கிறார். மொபெட்டில் முன்னும் பின்னும் மூட்டை கட்டி எடுத்துப் போய், மாலையில் தைத்ததை வாங்கி வரலாம். கைமடிக்கவும் செக்கிங் பார்க்கவும் அடுக்கிக் கட்டவும் பெண்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆள் கதையும் அப்படியே. ஓவர்லாக் தெரிந்த டெய்லர் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அடுத்த திங்கள்கிழமை இன்னொருவரைப் பிடித்துவிடலாம். டெய்லருக்கும் இது பொருந்தும்: இந்தக் கம்பெனியில் ஆர்டர் இல்லையென்றால் எதிர்க் கம்பெனியில் மெஷின் காலியாக இருக்கும். அதனால்தான் நல்ல டெய்லர்கள் சொந்த ஊரைவிட்டு இங்கே வந்தார்கள். நல்ல டெய்லர்கள் இங்கே இருந்ததால்தான் முதலாளிகளும் வந்தார்கள்.

நூல் கடன். ஊரில் நான்கு பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் நூல்காரர் தவணைக்குத் தருவார். சரக்கு விற்றுப் பணம் வந்த பின் கொடுத்தால் போதும். தப்பு செய்தால் அடுத்த நாளே கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும் என்பதால் தப்பு செய்பவர் குறைவு. இந்த வசதி காங்கேயத்துக் கொட்டகைக்கு வராது.

வாடகை அதிகம்தான். ஆனால் வாடகையில் போவது அவர் வாங்காமல் விட்ட மெஷின்களின் விலையில் ஒரு துளி. அவர் திருப்பூருக்கே வந்தார்.

அவர் வந்ததால் பவர் டேபிள்காரருக்கு இன்னொரு வாடிக்கை கூடியது. அதை நம்பி அவர் இன்னும் நான்கு மெஷின் வாங்கினார். அடுத்து வருபவருக்குத் திருப்பூர் இன்னும் கொஞ்சம் எளிதானது.

டால்டனில் ஒரு கல்யாணப் பரிசு

இது திருப்பூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1890-ல் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் தன் நாட்டுத் தொழில் ஊர்களைப் பார்த்து இந்தக் கணக்கை எழுதிவைத்தார்: தேர்ந்த ஆட்கள் ஓரிடத்தில் கிடைப்பது, துணைத் தொழில்கள் சுற்றி முளைப்பது, தொழில் நுணுக்கம் வாய் வழியாகவும் கண் வழியாகவும் பரவுவது. அவர் காலத்தில் ஷெஃபீல்டுக்குக் கத்தி, லங்காஷயருக்குப் பருத்தி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற சிற்றூர். 1895-ல் கேத்தரின் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண், கல்யாணப் பரிசாகக் கொடுக்கக் குஞ்சம் வைத்த படுக்கை விரிப்பு ஒன்றைச் செய்தாள். அந்தக் கைவேலை அக்கம்பக்கத்துக்குப் பரவியது. பிறகு அதே முறையில் தரைவிரிப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் தரைவிரிப்புத் தலைநகரமே டால்டன். தரைவிரிப்பு ஆலை தொடங்க நினைத்தவர் டால்டனுக்கே போனார். பொருளியலறிஞர் பால் க்ரூக்மன் தொழில்கள் ஓரிடத்தில் குவிவதை விளக்க இந்த ஊரைத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் செய்ததும் குலாம் காதர் செய்ததும் ஒன்றுதான். தொடக்கம் தற்செயல். பின்னால் வந்தவர்களின் முடிவு தற்செயல் அல்ல.

நம் அரசுகள் இன்னும் இதை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். சலுகை விலையில் நிலம், மானியத்தில் மின்சாரம் கொடுத்துத் தொழிற்பேட்டை திறந்தால் கம்பெனிகள் வந்துவிடும் என்று நினைக்கிறோம். திறந்து வைத்த கல்வெட்டோடு புதர் மண்டிக் கிடக்கும் பேட்டைகள் எத்தனை! ஊசி கிடைக்காத இடத்தில் இலவச நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1978: வெள்ளைச் சட்டை தேடி வந்தவர்

இனி இந்தக் கதையின் திருப்பம்.

1978. இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் திருப்பூருக்கு வந்தார். பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் ஊரின் பெயர் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவருக்கு வேண்டியது வெள்ளை டி-ஷர்ட்.

வெள்ளை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அரை நூற்றாண்டாக இந்த ஊர் செய்துகொண்டிருந்தது வெள்ளை பனியன். பின்னுவதிலும் வெளுப்பதிலும் ஊருக்குக் கை பழகியிருந்தது. கழுத்தையும் கையையும் கொஞ்சம் மாற்றினால் பனியனே டி-ஷர்ட் ஆகிவிடும். முதலில் நீலமோ சிவப்போ கேட்டு யாராவது வந்திருந்தால் திருப்பூர் திணறியிருக்கும்.

எண்ணிக்கைதான் அடுத்த சிக்கல். உள்நாட்டு வியாபாரி நூறு டஜன் இன்று, நூறு டஜன் அடுத்த மாதம் என்று வாங்குவார். ஐரோப்பாக்காரருக்குக் குறித்த தேதியில் மொத்தமும் கப்பலேற வேண்டும். கோடை அங்கே சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு மாதம் தாமதித்தால் அந்தச் சட்டையை வாங்க ஆளிருக்காது. சில மெஷின்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியால் இது முடியுமா?

கம்பெனியால் முடியாது. ஊரால் முடிந்தது. ஆர்டர் எடுத்தவர் ஒருவர். பத்து நிட்டிங்காரர்கள் பின்னினார்கள், பல பவர் டேபிள்கள் தைத்தன, செக்கிங் முடிந்து ஒரே லேபிளில் பெட்டி கட்டப்பட்டது. சட்டத்துக்குப் பயந்து உடைந்த கம்பெனிகள் இந்த ஆர்டரின் முன்னால் ஒரே ஆலையாகச் சேர்ந்தன. ஆர்டர் முடிந்ததும் மறுபடி பிரிந்தன.

மூன்று ஆண்டு கழித்து ஐரோப்பியச் சங்கிலிக் கடையான சி அண்ட் ஏ வந்தது. அதன் பின்னால் மற்றவர்கள். 1984-ல் திருப்பூரின் ஏற்றுமதி 10 கோடி ரூபாய்க்கும் குறைவு. 1990-ல் அது 300 கோடியை நெருங்கியது. அதே ஆண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது.

இப்போது வாங்குபவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வருபவர் ஒரே பயணத்தில் இருபது கம்பெனிகளைப் பார்த்து விலை பேசிவிடலாம். வேறு ஊரில் தனியாக ஒரு நல்ல கம்பெனி இருந்தாலும், அதற்காக மட்டும் அவர் இன்னொரு ரயில் ஏறமாட்டார்.

வெளியூர்க்காரர்கள்

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. திருப்பூரில் கம்பெனி தொடங்கியவர்கள் சுற்றுவட்டாரத்துக் கொங்கு விவசாயக் குடும்பத்தினர், சொந்தபந்தம் இருந்ததால் வந்தார்கள், தொழில் குவிப்பாவது ஒன்றாவது என்பது அந்த வாதம்.

இதைச் சோதிக்க நல்ல சான்று இருக்கிறது. கைவன் முன்ஷியும், பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் தொண்ணூறுகளில் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளை ஆராய்ந்தார்கள். 2004-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து முதலாளிகள் கூடுதல் முதலோடு தொடங்கினார்கள். சொந்தக்காரர்களிடமிருந்து பணம் புரட்டும் வசதி அவர்களுக்கு இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு, சிறிய அளவில் தொடங்கினார்கள். ஆனால் வெளியூர்க்காரர்களின் உற்பத்தி வேகமாக ஏறியது. சில ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை முந்தியது.

வெளியூர்க்காரருக்கு இங்கே உறவில்லை, நிலமில்லை, கடன் தர மாமன் மச்சான் இல்லை. அப்படியும் வந்தார்கள், வளர்ந்தார்கள். மெஷின் வாங்கப் பணமில்லாதவர், மெஷின் வைத்திருப்பவரிடம் வேலை கொடுத்து வாங்கிக்கொள்ள முடிகிற ஊர் இது. உறவு ஒருவரை முன்னதாக ஏற்றிவிட்டது. கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

தொழிலாளர்களும் அப்படியே வந்தார்கள். முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல், தென்மாவட்டங்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்.

வண்ணத்தின் விலை

வெள்ளையில் தொடங்கிய ஏற்றுமதி வண்ணத்துக்கு மாறியது. சலவைப்பட்டறைகளின் பக்கத்தில் சாயப்பட்டறைகள் முளைத்தன. வீரபாண்டி, ஆண்டிபாளையம், மங்கலம் என்று நொய்யலை ஒட்டி வரிசையாக. புதிய சாயப்பட்டறைக்காரரும் அதே கணக்கைத்தான் போட்டார்: துணி இங்கே, ஆள் இங்கே, ஆர்டர் இங்கே. தண்ணீர் மட்டும் இல்லை; அதை லாரியில் கிராமத்துக் கிணறுகளிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிய தண்ணீர் சாயமும் உப்புமாக ஆற்றுக்குப் போனது. கீழே ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் நொய்யல் பாசனத்தை நம்பியிருந்தவர்களின் கிணறுகள் கெட்டன, தென்னைகள் காய்ந்தன. திருப்பூரின் வளர்ச்சிக்கான பில் அந்த விவசாயிகளின் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. ஆற்றின் கணக்கை யாரும் போடவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கெடு தாண்டியும் கழிவு ஓடியது.

2011 ஜனவரி 28. சாயப்பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பக்கத்துத் தெருவில் எல்லாம் கிடைக்கிறது என்பதற்காகத்தான் ஒவ்வொருவரும் இங்கே வந்தார்கள். இப்போது அந்தப் பன்னிரண்டு வேலைகளில் நடுவில் இருந்த ஒன்று ஊரைவிட்டே போய்விட்டது. துணியை லாரியில் ஏற்றி ஈரோட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள் சிலர். குறித்த தேதிக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் ஆர்டரை இழந்தார்கள் பலர். வேலை இல்லாமல் தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள்.

தையல் கம்பெனிகளும் சாயத்தைத் தேடி வேறு ஊருக்குக் கிளம்பினவா, அல்லது சாயம் திரும்பி வரும்வரை திருப்பூரிலேயே காத்திருந்தனவா?

அடுத்த வாரம், மூடிய பட்டறைகளின் தெருவிலிருந்து தொடர்வோம்.